இறுகிய புல்லட் பிஸ்டனை எடுக்க வழி சொல்லுங்கள்
வணக்கம். ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். திருவொற்றியூர் ஆலையில் 1970களில் தயாரான அப்பாவின் புல்லட் 350-ஐ மீட்டுக்கொண்டிருக்கிறேன். கடற்காற்றில் நெடுங்காலம் நின்றதால் பிஸ்டன் சிலிண்டரோடு துருவேறி இறுகிவிட்டது. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி டீசல் ஊற்றி ஊறவைத்தும் அசையவில்லை.

பட்டறையில் சுத்தியலால் அடித்து இறக்கலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவே இல்லை. ஓங்கி அடித்தால் கனெக்டிங் ராடு வளையலாம், பேரிங் கெடலாம். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும். அதனால் சூடாக்கி ஆறவிட்டு, மீண்டும் சூடாக்கினால் துருவின் பிடி தளரும் என நினைக்கிறேன்.

இப்படிச் செய்து பார்த்தவர்கள் உண்டா? எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்? பிஸ்டன் போனாலும் பரவாயில்லை, சிலிண்டர் பிழைக்க வேண்டும். வட சென்னையில் பொறுமையாக வேலை செய்யும் பழைய மெக்கானிக் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.