மிரள் தொலைவு: ஆலாக்களைப் படமெடுப்பவர்களுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

நாம் நெருங்கும்போது ஒரு பறவையோ விலங்கோ விலகத் தொடங்கும் தூரத்தை ஆங்கிலத்தில் 'ஃப்ளைட் இனிஷியேஷன் டிஸ்டன்ஸ்' என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் இதற்குத் தமிழில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: பறப்புத் தொடக்கத் தொலைவு, அச்ச எல்லை, கலைதூரம். மூன்றையும் களத்தில் வைத்துப் பார்த்தேன். நான் 'மிரள் தொலைவு' என்பதை முன்வைக்கிறேன். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நிகழ்வைப் பார்ப்போம். குளிர்காலத்தில் தனுஷ்கோடி மணல்திட்டில் ஆலாக்கள் (ஆங்கிலத்தில் 'டெர்ன்' எனப்படும் நீர்ப்பறவைகள்) கூட்டமாக இறங்கி ஓய்வெடுக்கும். மஞ்சள் அலகோடு பெரிய கொண்டை ஆலா, ஆரஞ்சு அலகோடு சிறிய கொண்டை ஆலா, நடுவில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக, செக்கச்சிவந்த அலகோடு காஸ்பியன் ஆலா. எல்லாம் காற்றை எதிர்த்து ஒரே பக்கம் பார்த்து நிற்கும். நாம் நடந்து போகப் போக முதலில் இறகு கோதுவது நிற்கும். அப்புறம் கழுத்துகள் நீளும், தலைகள் நம் பக்கம் திரும்பும். அடுத்த சில அடிகளில் ஓரத்தில் நிற்கும் ஒன்று எழும், உடனே மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். அந்த முதல் பறவை கிளம்பிய நொடியில் நமக்கும் அதற்கும் இடையே இருந்த தூரம்தான் நாம் பெயர் தேடுவது.

இந்தக் கருத்தை 1930களில் விளக்கியவர் ஹைனி ஹெடிகர் என்ற சுவிஸ் விலங்கியலாளர். அவர் எழுதிய ஜெர்மன் சொல்லுக்குத் 'தப்பியோடும் தூரம்' என்று பொருள். அது ஆங்கிலத்துக்குப் போனபோது 'ஃப்ளைட்' ஆயிற்று. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தப்பி ஓடுதல், பறத்தல் என்று இரண்டு பொருள். 'பறப்புத் தொடக்கத் தொலைவு' இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது, சிக்கல் அங்கேதான். ஆலாவுக்குக் குட்டைக் கால்கள், அதனால் ஆபத்து என்றால் பறந்துதான் விலகும். ஆனால் அதே மணலில் நிற்கும் உப்புக்கொத்திகள் என்ற சிறு கரைப்பறவைகள் முதலில் ஓடும், பறப்பது பிறகுதான். மானுக்கும் ஓணானுக்கும்கூட இதே அளவைப் பயன்படுத்துகிறார்கள். ஓணானுக்கு ஏது பறப்பு? இந்தச் சொல்லைக் கைவிடலாம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

'அச்ச எல்லை' சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லை என்றால் எங்கோ நிலையாகப் போட்ட கோடு. இந்தத் தூரம் நிலையாக நிற்பதில்லை. பெரும்பாலும் நேராகக் கூட்டத்தை நோக்கி நடந்தால் கூடும், பக்கவாட்டில் கடந்து போனால் குறையும். நாம் எவ்வளவு தள்ளியிருந்து நடக்கத் தொடங்கினோமோ, பொதுவாக அவ்வளவுக்கு முன்கூட்டியே பறவை விலகும். உடல் பெரிய இனங்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தூரம் அதிகம். தினமும் ஆள் நடமாட்டம் உள்ள இடத்துப் பறவைகளும் ஆளே போகாத திட்டில் உள்ளவையும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. கலப்புக் கூட்டமாக இருந்தால் அதில் இருக்கும் மிகக் கூச்சமான பறவைதான் எல்லாருக்கும் சேர்த்து முடிவெடுக்கிறது. எல்லை என்று பெயர் வைத்துவிட்டால் 'பெரிய கொண்டை ஆலாவுக்கு எல்லை இத்தனை மீட்டர்' என்று பட்டியல் போட்டு, அதுவரை தாராளமாகப் போகலாம் என்று நினைக்கத் தோன்றும். 'தொலைவு' என்பதில் அந்த ஆபத்து குறைவு. அது அந்த நேரத்தில் அளந்த ஓர் அளவு, அவ்வளவுதான்.

'கலைதூரம்' எனக்குப் பிடித்திருந்தது. கூட்டம் கலைந்தது என்று எல்லாரும் சொல்கிறோம், ஈழத்திலோ கலைத்தல் என்றாலே விரட்டுதல்தான். ஆனால் ஏரிக்கரை முளைக்குச்சியில் ஒற்றையாக உட்கார்ந்திருக்கும் மீசை ஆலாவுக்கும் இந்த அளவு உண்டு. ஒற்றைப் பறவை எப்படிக் கலையும்? போதாததற்கு, எழுத்தில் பார்த்தவுடன் 'கலை' ஓவியத்தையும் சிற்பத்தையும் நினைவூட்டுகிறது.

மிரளுதல் என்ற வினை மாட்டுக்கும் குதிரைக்கும் நாம் அன்றாடம் சொல்வது. 'மாடு மிரண்டுடுச்சு' என்றால் அது பயந்தது மட்டுமில்லை, இடத்தைவிட்டுக் கிளம்பிவிட்டது என்பதும் அதில் இருக்கிறது. பறந்ததா ஓடியதா என்ற கேள்வியே எழாது. ஊறுகாய், குடிநீர் போல வினைத்தொகையாக அமைவதால் காலத்தையும் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. ளகர மெய்க்குப் பின் தகரம் வந்தால் புணர்ச்சி விதிப்படி திரிய வேண்டுமே என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்பீர்கள், நியாயம்தான். ஆனால் 'நாடோறும்' என்றிருந்ததை இன்று 'நாள்தோறும்' என்றே எழுதுகிறோம். இதையும் இடம்விட்டு 'மிரள் தொலைவு' என்றே எழுதிவிடலாம்.

கழுத்து நீண்டு தலை திரும்புகிற முந்தைய கட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'அலர்ட் டிஸ்டன்ஸ்' என்கிறார்கள். அதற்கு 'விழிப்புத் தொலைவு' போதும். படமெடுப்பவருக்கு இரண்டில் முக்கியமானது இதுதான். விழிப்புத் தொலைவை எட்டியதும் நின்றுவிட வேண்டும், முடிந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். பல நேரங்களில் சிறிது நேரத்தில் பறவைகள் மறுபடி இறகு கோதத் தொடங்கும், அப்போது கிடைக்கும் படத்தில் அவற்றின் இயல்பு இருக்கும். நீண்ட லென்ஸ் வாங்குவதே இதற்காகத்தானே. பறக்கும் படம் வேண்டும் என்று கூட்டத்தையே எழுப்பிவிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆலாக்கள் தாமாகவே நாள் முழுக்க வந்து இறங்கியும் கிளம்பியும்தான் இருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துப் பொறுமையாக நின்றால் போதும், நம்மை நோக்கியே வந்து இறங்கும்.

ஒரு எச்சரிக்கையையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். கூடு வைத்த ஆலாக்களுக்கு இந்த அளவை நம்பக் கூடாது. கர்நாடகத்தில் பத்ரா நீர்த்தேக்கத்தில் கோடையில் நீர் வடிந்ததும் தலைகாட்டும் திட்டுகளில் ஆற்று ஆலாக்கள் பெருங்கூட்டமாக முட்டையிடும். படகில் போய்ப் படமெடுக்கப் பலர் வருகிறார்கள். உலக அளவில் அழிவாய்ப்பு உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்ட பறவை இது. முட்டை இருக்கும்போது ஆலா எளிதில் விட்டுப் போகாது. நெருங்கினால் தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்து பாய்ந்து விரட்டும். பறவை ஓடவில்லையே, பழகிவிட்டது போல என்று அதை எடுத்துக்கொள்வது பெரிய தவறு. ஆலா எழுந்து நம்மை விரட்டும் நேரமெல்லாம் வெறும் தரையில் கிடக்கும் முட்டைகள் கோடை வெயிலில் காய்கின்றன, காகமும் பருந்தும் அந்த இடைவெளிக்காகக் காத்திருக்கின்றன. அங்கே பார்க்க வேண்டியது நாம் வந்ததால் பறவை முட்டையைவிட்டு எழுந்ததா என்பதை மட்டும்தான்.

ஆகவே சொற்பட்டியலுக்கு என் வரைவு: 'மிரள் தொலைவு: மனிதரோ படகோ வேறு விலங்கோ நெருங்கும்போது, ஒரு விலங்கு இடத்தைவிட்டு விலகத் தொடங்கும் கணத்தில் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம். அணுகும் விதம், இடம், பருவம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். கூடு காக்கும் பறவைகளுக்குப் பொருந்தாது.'

பறவைகளுக்குத் தொந்தரவு வராமல் ஆட்கள் தள்ளி நிற்க வேண்டிய தூரமான 'பஃபர் டிஸ்டன்ஸ்' என்பதற்குக் 'காப்புத் தொலைவு' என்று எழுதலாமா என்றும் பாருங்கள். வனத்துறை போன்றவர்கள் பலகையில் எழுதி வைக்க வேண்டியது இந்தத் தூரத்தைத்தான். அது மிரள் தொலைவைவிட எப்போதும் அதிகமாக, விழிப்புத் தொலைவுக்கும் வெளியே இருக்க வேண்டும். கடலோர ஊர்களில் இதற்கெல்லாம் ஏற்கெனவே புழங்கும் சொல் இருந்தால், என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.