ஹபிடாட் வீட்டு விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது: குறைந்த வருமானம், சீட்டுக் காசு, யாருடையதோ ஒரு கடன்

தாரணி_ஸ்காபரோ:
எல்லோருக்கும் வணக்கம். ஏழு வருடமாக டொரன்டோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மன்டில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள் (11, 5 வயது). ஒரே ஒரு படுக்கையறை. மூத்தவனுடைய மடிப்புக் கட்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கும் அறையின் கதவோடு ஒட்டிக் கிடக்கிறது. மாரியில் ஃபர்னஸ் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பிள்ளை திடுக்கிட்டு எழும்புகிறான். மேற்குச் சுவரில் பூஞ்சணம். துடைக்கத் துடைக்கத் திரும்ப வருகிறது.

வருமானம் குறைந்த குடும்பங்கள் வீடு வாங்க உதவும் தொண்டு நிறுவனமான ஹபிடாட் ஃபோர் ஹியூமானிட்டியின் திட்டத்துக்கு விண்ணப்பித்தோம். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நிராகரிக்கவில்லை, ஆனால் மூன்று விடயங்களுக்கு 21 நாட்களுக்குள் விளக்கம் கேட்கிறார்கள். குடும்ப வருமானம் அவர்களுடைய குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே தெரிகிறதாம். வங்கிக் கணக்கில் மாசி மாதம் ஒரே தடவையில் வந்த 14,000 டொலர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். அதோடு என்னுடைய கடன் அறிக்கையில் ஒரு தொலைபேசி நிறுவனத்துக்குக் கட்டாத 612 டொலர், கடன் வசூலிப்பவர்களிடம் போயிருக்கிறதாம்.

நான் பொதி கட்டும் வேலை, வருடம் 27,400. கணவர் சொந்தக் காரில் டெலிவரி செய்கிறார். 47,000 வரை உழைத்தாலும் செலவுகள் கழித்து வரிப் பத்திரத்தில் 16,900தான் நிற்கிறது. 14,000 என்பது சீட்டு எடுத்த காசு. அதை எழுதினால் கறுப்புப் பணம் என்று நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. கணவரோ, "இலவச வீட்டுக்குக் கை நீட்டத்தான் வேண்டுமா, விடு" என்கிறார். எனக்கு விட மனமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிழக்குக்காற்று:
வருமானம்தான் பிரச்சினை என்றால் தெரிந்த கடைக்காரர் யாரிடமாவது கணவருக்கு ஒரு வேலைக் கடிதம் எடுங்கள். இங்கே நிறையப் பேர் செய்கிறார்கள்.

வரிமேசை:
தங்கச்சி, அதை மட்டும் செய்ய வேண்டாம். கடிதத்தை வரிப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், கடை முதலாளிக்கு நேரே போன் எடுப்பார்கள். பொய் என்று தெரிந்தால் வீடும் போச்சு, பெயரும் போச்சு. உங்களிடம் உண்மையான வருமானமே இருக்கிறது. படிவத்தில் அது முழுதாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நம் ஆட்களுக்கு ஒன்று விளங்குவதில்லை. இந்தத் திட்டத்துக்கு வருமானத்தில் மேல் எல்லை இருப்பதுபோலக் கீழ் எல்லையும் இருக்கிறது. எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு நல்லது என்று நினைத்துக் குறைத்துக் காட்டுகிறோம். மாதாமாதம் மோர்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன் தவணை, கட்ட வேண்டியவர் நீங்கள், அதனால் கட்ட முடியுமா என்பதையும் பார்ப்பார்கள்.

விண்ணப்பத்தில், வரிப் பத்திரத்தில் 15000 என்று இலக்கமிட்ட இடத்தில் உள்ள மொத்த வருமானத்தைத்தானே எழுதினீர்கள்? அரசாங்கம் மாதாமாதம் தரும் பிள்ளைக் கொடுப்பனவு அதில் வராது, ஏனென்றால் அது வரியில்லாத காசு. இரண்டு பிள்ளைகளுக்கு இந்த வருமானத்தில் மாதம் ஆயிரத்துக்கு மேல் வரும் என்று நினைக்கிறேன். ஆடி மாதம் வந்த கொடுப்பனவுக் கடிதத்தை எடுத்து வையுங்கள். அதைக் கணக்கில் சேர்ப்பார்களா என்பது கிளைக்குக் கிளை மாறும், போன் எடுத்துக் கேளுங்கள்.

அடுத்தது கணவருடைய ரி2125 படிவம், சொந்தத் தொழில் வருமானத்தையும் செலவையும் காட்டும் வரிப் படிவம். அதில் 9936 என்று இலக்கமிட்ட வரிசையைப் பாருங்கள். கார் தேய்மானம் என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். அது தாளில் கழித்த செலவு, அந்த வருடம் கையிலிருந்து போன காசு இல்லை. வீட்டுக் கடன் கொடுக்கிறவர்கள் பலர் அதை வருமானத்தோடு திரும்பக் கூட்டிப் பார்ப்பார்கள். படிவம் முழுவதையும் அனுப்பி, அந்த வரிசையைக் குறிப்பிட்டு நாலு வரி எழுதுங்கள்.

தாரணி_ஸ்காபரோ:
அண்ணா, பார்த்துவிட்டேன். 9936ல் 5,100 இருக்கிறது! ரி2125 படிவத்தை நாங்கள் அனுப்பவே இல்லை, வரி மதிப்பீட்டுக் கடிதத்தை மட்டும் அனுப்பினோம். பிள்ளைக் கொடுப்பனவும் எழுதவில்லை. சீட்டுக்கு என்ன செய்ய?

மார்க்கம்_அக்கா:
சீட்டைப் பற்றி நான் சொல்கிறேன், பத்து வருடமாக நானே சீட்டுப் பிடிக்கிறேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை. இருபது பேர், மாதம் இவ்வளவு, ஆளுக்கொரு முறை என்று சாதாரணமாக எழுதுங்கள். சீட்டுப் பிடிக்கிறவரிடம் கையொப்பத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். நீங்கள் மாதாமாதம் கட்டியது வங்கிப் பரிமாற்றமாகப் போயிருந்தால் அந்தப் பக்கங்களை அச்செடுத்து மஞ்சள் கோடு போடுங்கள். கொப்பியில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

ஆனால் ஒன்று. சீட்டு முடியும் முன்பே எடுத்திருந்தால் மிச்ச மாதங்கள் கட்ட இருக்கிறதுதானே? அது கடன். அதையும் எழுதுங்கள். அவர்களாகக் கண்டுபிடிப்பதைவிட நீங்கள் சொல்வது நல்லது. மச்சான் போன்ற யாருடையதாவது கார் லீசுக்கு நீங்கள் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் அப்படித்தான், உங்கள் கடனாகவே தெரியும்.

வரிமேசை:
அந்த 612 டொலரைக் கட்டிவிடாதீர்கள், முதலில் அது உங்களுடையதா என்று பாருங்கள். கடன் அறிக்கை வைத்திருக்கும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டிலும் அறிக்கையை இலவசமாக எடுக்கலாம், நீங்களே எடுப்பதால் கடன் புள்ளி குறையாது. கணக்கு எந்த முகவரியில் திறந்தது என்று பாருங்கள். நம் பெயர்களில் இது அடிக்கடி நடக்கும். அப்பாவின் பெயர் ஒரு தாளில் குடும்பப் பெயராக வரும், இன்னொன்றில் முன்னால் வரும். ஒரே பெயரில் இந்த நகரத்தில் எத்தனை பேர்!

வினிபெக்_ராசன்:
தங்கச்சி, உங்கள் கணவருக்காக எழுதுகிறேன், அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

நாங்கள் மனிற்றோபாவில் ஹபிடாட் வீட்டில் ஆறு வருடமாக இருக்கிறோம். கனடாவில் இவர்கள் முதல் வீடு கட்டியது 1985ல், எங்கள் மாகாணத்தில் விங்க்ளர் என்ற ஊரில்தான். இது இலவச வீடு இல்லை. முற்பணம் கேட்கவில்லை, அது பெரிய உதவி. மற்றபடி ஒவ்வொரு மாதமும் மோர்ட்கேஜ் கட்டுகிறேன். தவணையை வருமானத்தின் 30 வீதத்துக்கு மேல் போகாமல் வைக்கிறார்கள்.

முற்பணத்துக்குப் பதிலாக நாங்கள் கொடுத்தது 500 மணித்தியால உழைப்பு. நான் பாதியைக் கட்டுமானத்தில் செய்தேன், மனைவி ஹபிடாட் நடத்தும் பழைய சாமான் கடையான ரீஸ்டோரில். அங்கே ஆட்கள் கொடுத்துவிட்டுப் போகும் பழைய சமையலறை அலுமாரிகளைத் துடைத்து, பிணைச்சல் கழன்றதைப் பூட்டி, விலை ஒட்டி வைப்பாள். இன்னொரு குடும்பத்தின் வீட்டுக்குச் சுவர்ச்சட்டம் அடித்த அன்று அந்த வீட்டுக்காரர் எனக்குப் பக்கத்தில் ஆணி பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வந்தார். இதில் கை நீட்டல் எங்கே இருக்கிறது?

மறைக்காமல் இதையும் சொல்ல வேண்டும். விற்க நினைத்தால் முதலில் அவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். வாடகைக்கு விட முடியாது. வாங்கி விற்று இலாபம் பார்க்க நினைப்பவர்களுக்கு இது சரிவராது. உங்கள் பக்கம் தனி வீடு கிடைக்காது, அடுக்கு டவுன்ஹவுஸ் மாதிரித்தான் வரும். எல்லாம் சரியாக இருந்தாலும் காத்திருக்க வேண்டியிருக்கும்.

தாரணி_ஸ்காபரோ (16 நாட்களுக்குப் பின்):
எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தத் தொலைபேசிக் கணக்கு மிசிசாகாவில் ஒரு முகவரியில் திறந்தது. நாங்கள் அங்கே இருந்ததே இல்லை. பிறந்த திகதியும் வேறு. அறிக்கையில் திருத்தம் கேட்டு, என்னுடைய அடையாள அட்டையையும் பழைய வாடகை ஒப்பந்தத்தையும் அனுப்பினேன். முறைப்பாட்டு இலக்கம் கிடைத்ததும் அதைக் கிளைக்கும் எழுதினேன். பிள்ளைக் கொடுப்பனவைக் கணக்கில் எடுப்போம் என்று போனிலேயே சொன்னார்கள். சீட்டில் இன்னும் ஐந்து மாதம் கட்ட இருக்கிறது என்பதையும் எழுதிவிட்டேன்.

நேற்று மின்னஞ்சல் வந்தது. கோப்பு முழுமையாகிவிட்டதாம், அடுத்த வியாழன் இரண்டு பேர் வீடு பார்க்க வருகிறார்களாம். ராசன் அண்ணா, கணவர் உங்கள் பதிலை இரண்டு தரம் வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்புச் சப்பாத்து என்ன விலை என்று என்னிடம் கேட்டார்.

அவர்கள் வருவதற்கு முன் அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாமா? பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

மார்க்கம்_அக்கா:
ஐயோ வேண்டாம் பிள்ளை. அவர்கள் வருவதே இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று பார்க்கத்தான். வீட்டைக் கூட்டித் துடையுங்கள், அது போதும். சுவரைத் தொட வேண்டாம், மகனின் கட்டிலையும் நகர்த்த வேண்டாம். வெளியே குளிர் என்றால் ஃபர்னஸ் தானாக ஓடும், அவர்களும் கேட்கட்டும்.