விநியோகப் பகுதியை வட்டமாக வரைந்தவர்கள்: மொரீசியசிலிருந்து சில அனுபவங்கள்

கியூர்பிப்பிலிருந்து ஓர் உறுப்பினர்:

அன்பர்களுக்கு வணக்கம். நாங்கள் மசாலாப் பொடியும் ஊறுகாயும் தயாரித்து, ஊர்க் கடைகளுக்கு மூன்று வேன்களில் அனுப்பிவருகிறோம். முதன்முதலாகக் கணினியில் வரைபடத்தைத் திறந்தபோது, எங்கள் கிடங்கை மையமாக வைத்து 20 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் இருக்கும் கடைகளுக்கெல்லாம் ஒரே அனுப்புக் கட்டணம் என்று அறிவித்துவிட்டேன். போர்ட் லூயிஸ் அந்த வட்டத்துக்குள் இருந்தது. மேற்குக் கரையின் கிராந்த் ரிவியேர் நுவாரும் இருந்தது. இரண்டும் நேர்கோட்டில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் போர்ட் லூயிஸுக்கு நெடுஞ்சாலை இருக்கிறது. ரிவியேர் நுவாருக்கும் எங்களுக்கும் நடுவிலோ 6,574 எக்டேர் தேசியப் பூங்கா, காடும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கிறது. பிளேன் ஷம்பாஞ் மேட்டைக் கடந்து ஷமாரெல் வளைவுகளில் இறங்க வேண்டும், இல்லையென்றால் வாக்குவா பக்கம் சுற்றித் தமாரின் வழியாகப் போக வேண்டும்.

அந்தப் பகுதிக்குப் போன ஓட்டுநர் நாள்தோறும் இருட்டிய பிறகே திரும்பினார். ஏன் இவ்வளவு தாமதம் என்று அவரைக் கடிந்துகொண்டதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஒருநாள் அவருடன் வேனில் போன பிறகுதான் தவறு என் வட்டத்தில் இருந்தது புரிந்தது.

இப்போது க்யூஜிஎஸ் என்ற வரைபட மென்பொருளில், 2004இல் தொடங்கப்பட்ட, பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் உலக வரைபடத்தின் சாலைத் தரவை வைத்து, கிடங்கிலிருந்து 30 நிமிடத்திலும் 45 நிமிடத்திலும் எட்டக்கூடிய இடங்களை இணைத்து எல்லை வரைகிறேன். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. அப்படி வரும் உருவம் நெடுஞ்சாலை ஓடும் திசையில் விரல் நீட்டியும், மலை மறிக்கும் திசையில் உள்வாங்கியும் இருக்கும். ஒரு எச்சரிக்கை: வேக வரம்பு பதியப்படாத சாலைக்கு, பயண நேரத்தைக் கணிக்கும் நிரல் அந்த வகைச் சாலைக்குரிய பொது வேகத்தை எடுத்துக்கொள்வதால், மலைவளைவுகளில் அது சொல்லும் நேரத்தை நம்பக் கூடாது. ஓட்டுநர்கள் மூவரும் மூன்று வாரம் குறித்துத் தந்த நேரங்களைக் கொண்டு நான் திருத்தினேன். கடைகளை எண்ணிக்கையால் சமமாகப் பிரிப்பதையும் விட்டுவிட்டேன். ஓட்டும் நேரத்துடன் ஒவ்வொரு கடையிலும் சரக்கு இறக்கும் நேரத்தைக் கூட்டி, அந்த மொத்தத்தை மூவருக்கும் சமமாக்குகிறேன்.

ட்ரியோலேயிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா எழுதியதைப் படித்தபோது எங்கள் கதையும் நினைவுக்கு வந்தது. நாங்கள் வீடுகளுக்குப் பூஜைப் பொருள்கள் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள். எங்களுக்குத் தூரத்தைவிட முகவரியே பெரிய சிக்கல். இத்தீவில் ஊருக்கு ஊர் ஒரு ராயல் ரோடு உண்டு. பல வீடுகளுக்கு எண்ணும் கிடையாது. முகவரிப் பட்டியலை மென்பொருளில் ஏற்றினால், எங்கள் ஊர் ராயல் ரோட்டு வீடு வேறு ஊரின் ராயல் ரோட்டில் போய் விழுகிறது. அந்தப் பிழையான புள்ளியை வைத்தே பகுதியும் பிரிக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே முதல் முறை போகும்போது வீட்டு வாசலில் நின்று கைப்பேசியில் இடத்தைக் குறித்துவரும்படி என் தம்பியிடம் சொன்னேன். அந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தட்டச்சு செய்யும்போது அட்சரேகையின் முன்னால் கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள். நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறோம். ஒருமுறை அது விடுபட்டு, எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவரும் ஓமான் நாட்டில் தெரிந்தார்கள்.

ரோஸ் ஹில்லிலிருந்து ஓர் உறுப்பினர்:

கியூர்பிப் ஐயாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட பிளேன் ஷம்பாஞ் பாதை கிராந்த் பாசேன் என்ற புனித ஏரியின் அருகே போகிறது. மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள்களில் பெரிய பெரிய காவடிகளைச் சுமந்து மக்கள் அங்கே நடந்துபோகும்போது, அந்தச் சாலைகளில் வேன் ஊர்ந்துதான் செல்ல முடியும். அதனால் அந்த வாரத்துக்கென்று நான் தனி வரைபடம் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் மேட்டுச் சாலைகளை மூடிய சாலைகளாகக் குறித்து, மேற்குக் கரைக் கடைகள் அனைத்தையும் தமாரின் வழியாகப் போகும் வேனுக்கு மாற்றி, அது விடியும் முன்பே கிளம்பும்படி நேரத்தை அமைத்திருக்கிறேன்.