இந்தோனேசியப் பிள்ளைகளுக்கான உடல்தோற்ற வினாப்பட்டியல்: சரிவராத வாக்கியங்களைத் தூக்கிவிடலாமா?

செந்தாழை (பெங்களூரு):
வணக்கம். நான் உளவியல் ஆராய்ச்சி மாணவி. யோக்யகர்த்தாவில் இருக்கும் ஒரு குழுவோடு சேர்ந்து, அங்கே 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்காக உடல்தோற்றம் பற்றிய வினாப்பட்டியல் ஒன்றை இந்தோனேசிய மொழியில் தயார் செய்கிறோம். களவேலை அவர்களுடையது, கணக்கு வேலை என்னுடையது. மெண்டல்சன் குழு 2001-ல் வெளியிட்ட பாடி எஸ்டீம் ஸ்கேலை எடுத்துக்கொண்டோம். 23 வாக்கியங்கள். தோற்றம், எடை, மற்றவர்கள் நம் தோற்றத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று மூன்று பகுதி. பதில் 'ஒருபோதும் இல்லை' முதல் 'எப்போதும்' வரை ஐந்து படி. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்தார்கள், அதை ஒன்றாக்கி ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்தார்கள், நிபுணர் குழுவும் உட்கார்ந்து பார்த்தது. அப்படியும் முதல் சுற்றுத் தரவு மூன்று பகுதியாகப் பிரியவில்லை. தன்னை நிறைவாகச் சொல்லும் வாக்கியங்கள் ஒரு பக்கம், குறையாகச் சொல்பவை இன்னொரு பக்கம் என்று ஒதுங்கிவிட்டன. மற்றவர் பார்வைப் பகுதியில் ஆல்ஃபா, அதாவது வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், 0.70-ஐக்கூடத் தொடவில்லை. சரிவராததைத் தூக்கிவிடு என்கிறார் வழிகாட்டி. எனக்கு மனசு ஒப்பவில்லை, பிள்ளைகள் அந்த இடத்தில் வேறு எதையோ சொல்ல வருகிறார்களோ என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

யமுனைக்கரை (டெல்லி):
தூக்குவது இருக்கட்டும், முதலில் கணக்கை எப்படிப் போட்டீர்கள் என்று பாருங்கள். ஐந்து படிப் பதிலைத் தொடர் எண்ணாக எடுத்து மேக்சிமம் லைக்லிஹுட் என்கிற வழக்கமான கணிப்பு முறையைப் போட்டிருந்தால், லாவான் என்கிற புள்ளியியல் நிரலில் இதே தரவை வரிசை எண்ணாக அறிவித்து, அந்த மாதிரித் தரவுக்கான டபிள்யூ.எல்.எஸ்.எம்.வி. முறையில் திரும்ப ஓட்டுங்கள், எல்லாரும் ஒரே முனையில் குறித்திருக்கும் வாக்கியங்களில் இது நிறையவே வித்தியாசம் காட்டும். அடுத்து, நிறைவு ஒரு பக்கம் குறை ஒரு பக்கம் என்று பிரிவது புதிதில்லை. 1965-ல் வந்த ரோசன்பெர்க் சுயமதிப்பு அளவுகோலில் ஐந்தும் ஐந்துமாக இருக்கும் வாக்கியங்களே எத்தனையோ நாடுகளில் இப்படித்தான் பிரிந்திருக்கின்றன. மூன்று பகுதியையும் அப்படியே வைத்து, குறையாகச் சொல்லும் வாக்கியங்களுக்கு மட்டும் வாக்கிய நடைக்கான காரணி (பதில்களுக்குப் பின்னால் இருக்கும் பொதுப் போக்கு) ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். மற்றவர் பார்வைப் பகுதியில் இருப்பதே ஐந்து வாக்கியம், அதில் ஆல்ஃபா குறைவதில் ஆச்சரியம் இல்லை, அதே ஒத்துப்போதலை வேறு விதமாக அளக்கும் ஒமேகாவும் போடுங்கள். எதை நீக்கினாலும் அதே தரவிலேயே "இப்போது பொருந்துகிறது" என்று எழுதாதீர்கள், புதுப் பிள்ளைகளிடம் சரிபார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு.

கடற்காற்று (மும்பை):
நான் உளவியல் படித்தவனில்லை, வேலைக்காக இந்தோனேசியாவின் சுரபாயாவில் சில வருடம் இருந்தவன். உங்கள் அளவுகோலை இப்போதுதான் படித்துப் பார்த்தேன். என் தோற்றம் டேட்டிங்குக்கு உதவுகிறது என்கிற மாதிரி ஒன்று இருக்கிறதே, அதை அங்கே ஒரு பள்ளியில், அதிலும் மதப் பள்ளியில், 13 வயதுப் பெண்ணிடம் நீட்டினால் அவள் தன் அழகைப் பற்றியா பதில் சொல்வாள்? நான் அந்த மாதிரிப் பெண் இல்லை என்றுதான் சொல்வாள், அல்லது வெறுமனே விட்டுவிடுவாள். வேலை கிடைக்கத் தோற்றம் உதவும் என்பதற்கும் அங்கே வேறு அர்த்தம் உண்டு. நான் இருந்தபோது கடை விற்பனையாளர் வேலைக்கான விளம்பரத்திலேயே 'கவர்ச்சியான தோற்றம் வேண்டும்' என்று அச்சிடுவார்கள், பிள்ளைகள் பார்த்து வளர்ந்தது அதைத்தான். ஆக அது ஊர் நிலவரம் பற்றிய பதிலாக வரும், தன்னைப் பற்றிய பதிலாக வராது. அப்புறம் ஒன்று. பாடம் இந்தோனேசிய மொழியில் என்றாலும் யோக்யகர்த்தாவில் பல வீடுகளில் பேச்சு ஜாவா மொழிதான். வீட்டுமொழி என்ன என்று ஒரு கேள்வி சேர்த்திருக்கிறீர்களா?

மல்லிகைச்சரம் (பெங்களூரு):
நான் அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆலோசகர். இதே அளவுகோலின் ஆங்கில வடிவத்தை எட்டாம் வகுப்பில் கொடுத்தபோது, எடை பார்த்துக்கொண்டால் மனசு சோர்ந்துபோகிறது என்கிற வாக்கியத்தில் ஒரு பெண் பென்சிலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கிட்டே போனதும், "மிஸ், எங்க வீட்டில எடை மெஷினே இல்லையே, எதைக் குறிக்கணும்?" என்றாள். பக்கத்துப் பையன், "ஒருபோதும் இல்லைன்னு போடு" என்றான், அவளும் போட்டுவிட்டாள். 'ஒருபோதும் இல்லை' என்றால் அதிக மதிப்பெண் என்று திருப்பிப் போடும் வாக்கியம் அது! எடையைப் பற்றித் துளியும் கவலை இல்லாத பிள்ளை என்று முழு மதிப்பெண் விழுந்துவிட்டது. அரை வருடமாக அவள் மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதனால் யாரோடு உட்கார வைத்து எழுத வைத்தார்கள் என்று உங்கள் குழுவிடம் கேளுங்கள். பெஞ்சில் மூன்று பேர் நெருக்கி, ஆசிரியர் நடுவில் நடந்துகொண்டிருந்தால் எந்த மொழியிலும் உண்மை வராது. இன்னொன்று, இந்த அளவுகோலில் நிறம் பற்றி ஒரு வரி இல்லை. இங்கே என் அறைக்கு வரும் பிள்ளைகள் எடையைவிட நிறத்துக்காகத்தான் அதிகம் அழுகிறார்கள், வெளுப்பாக்கும் கிரீம் அங்கேயும் கடை கடையாக விற்கிறது. 23-க்கு நடுவில் செருகாமல், கடைசியில் தனியாகக் கேளுங்கள்.

செந்தாழை:
எல்லாருக்கும் நன்றி. வீட்டுமொழி கேட்டிருக்கிறோம். வகுப்பறையில் மொத்தமாகத்தான் எழுத வைத்தார்கள். பிள்ளைகளோடு நேரில் பேசும் சுற்று ஒன்று வைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். என்ன கேட்க வேண்டும்?

மல்லிகைச்சரம்:
"புரிந்ததா?" என்று மட்டும் கேட்க வேண்டாம், எல்லாரும் தலையாட்டுவார்கள். வாக்கியத்தை உன் தங்கச்சிக்குச் சொல்கிற மாதிரி சொல்லு, ஏன் இந்தப் பதிலைப் போட்டாய், எந்த நாளை நினைத்துக்கொண்டாய் என்று கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் பேசுகிற மொழியிலேயே பதில் சொல்லலாம் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பேசி முடித்தபின் எந்தப் பிள்ளையாவது கலங்கினால் அங்கேயே கூட இருக்க ஒருவர் வேண்டும், அது இல்லாமல் தொடங்க வேண்டாம்.

யமுனைக்கரை:
அந்தச் சுற்றில் டேட்டிங், எடை மெஷின் இரண்டையும் கட்டாயம் சேருங்கள். மாற்ற வேண்டியதாக இருந்தால் மூல ஆசிரியர்களுக்கு எழுதிக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். புதுத் தரவு வந்ததும் பையன்-பெண், ஜாவா-இந்தோனேசிய வீட்டுமொழி இரண்டிலும் அளவுச் சமநிலை, அதாவது இரு தரப்பிலும் வினாப்பட்டியல் ஒரே விதமாக அளக்கிறதா என்று, பாருங்கள், அது நிற்காத வரை பெண்களின் சராசரி குறைவு என்று ஒரு வரிகூட எழுத முடியாது. வழிகாட்டியிடம் இதையே காரணமாகச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.