பெட்டில் ஒரு குவாட், பின்னால் கேம்பர்: இரண்டாவது குவாடை எதில் ஏற்றுவது?

சாண்டி வாசி:
வணக்கம். யூட்டாவில் சாண்டியில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். டிரக் அரை டன் என்று அழைக்கும் வகை பிக்கப், பெட் (பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பகுதி) 5.5 அடி. கேம்பர் 26 அடி டிராவல் டிரெயிலர், அதாவது பின்னால் இழுத்துப் போகும் தங்கும் வண்டி. ஹோண்டா ராஞ்சர் 420 குவாட் (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நாலு சக்கர மோட்டார் வண்டி) ஒன்று இருக்கிறது. அதைப் பெட்டில் ஏற்றி, பின்னால் கேம்பரை மாட்டிக்கொண்டு பையூட் டிரெயில் பக்கம், மேரிஸ்வேலுக்குப் போய்வருவது வழக்கம்.

இப்போது நண்பர் ஒருவர் தன்னுடைய யமஹா கிரிஸ்லி 700-ஐ நல்ல விலைக்குக் கொடுக்கிறார். வாங்க ஆசைதான். ஆனால் ஒரு குவாடோடு போகும்போதே சில விஷயங்கள் சரியாகப் படவில்லை:

டிரக்கின் பின்பக்கம் நன்றாக அமுங்கிவிடுகிறது. இரவில் எதிரே வருபவர்கள் நான் ஹைபீம் போட்டிருப்பதாக நினைத்து லைட் அடிக்கிறார்கள். ஐ-15-ல் பாயின்ட் ஆஃப் தி மவுன்டன் தாண்டும்போது காற்று கொஞ்சம் அடித்தாலும், பக்கத்தில் பெரிய லாரி போனாலும் கேம்பர் வாலாட்டுகிறது. ஸ்டியரிங் கையில் பிடிப்பே இல்லாமல் லேசாக இருக்கிறது. இன்னொன்று, குவாட் நீளத்துக்கு டெயில்கேட்டை (பெட்டின் பின்கதவை) திறந்தே வைக்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் பங்கில் வளைத்துத் திருப்பினால் டெயில்கேட் ஓரம் கேம்பரின் முன்னால் நிற்கும் ஜாக்கின் தலையில் உரசப் பார்க்கிறது.

டிரக் 11,000 பவுண்டு இழுக்கும் என்று புரோஷரில் போட்டிருக்கிறது. கேம்பர் சாமானோடு சேர்த்தே 6,400 பவுண்டுக்குள்தான். அப்புறம் ஏன் இப்படி? இரண்டாவது குவாடை எங்கே, எப்படி ஏற்றுவது?

வீல்பேஸ்:
நண்பரே, 11,000-ஐ மறந்துவிடுங்கள். இழுக்கும் எடை வேறு, சுமக்கும் எடை வேறு. எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 எதுவானாலும் அரை டன் வண்டிகள் முதலில் தோற்பது சுமப்பதில்தான்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவு பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அதுதான் உங்கள் பேலோட். ஒரே மாடலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு டிரக்குகளுக்கே அந்த எண் வேறாக இருக்கும். சன்ரூஃப், பெரிய சக்கரம் என்று ஒவ்வொன்றும் அதிலிருந்து கழியும். உங்கள் எண்ணைச் சொல்லுங்கள்.

சாண்டி வாசி:
பார்த்தேன். 1,590 பவுண்டு.

வீல்பேஸ்:
சரி, கணக்கு போடுவோம். நாலு பேரும் கேபினில் வைக்கும் பையுமாக 560 என்று வைப்போம் (டிரைவரும் இந்தக் கணக்கில் சேர்த்தி). கேம்பரின் முன்பக்கம் (நாக்கு) உங்கள் ஹிட்ச்மேல், அதாவது டிரக்கின் பின்னால் உள்ள இணைப்பின்மேல் அழுத்தும் எடை, அதாவது டங்க் வெயிட், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 12 என்று வைத்தால் 6,400-க்கு ஏறக்குறைய 770. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (இரண்டு பார்களால் நாக்கின் எடையில் ஒரு பங்கை முன்சக்கரத்துக்கும் கேம்பர் அச்சுக்கும் பிரித்துத் தள்ளும் இணைப்பு), அதன் இரும்பு ஒரு 90. கூட்டினால் 1,420.

மிச்சம் 170 பவுண்டு. ராஞ்சர் பெட்ரோலோடு சுமார் 600. ஒரு குவாடுக்கே நானூறு பவுண்டுக்கு மேல் அதிகம். கிரிஸ்லி அதைவிட கனம், கிட்டத்தட்ட 700.

நீங்கள் சொன்ன தொல்லைகளில் பாதி இதிலேயே அடங்கிவிடும். குவாடும் கேம்பரின் நாக்கும் பின்னச்சுமேலும் அதற்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கின்றன. பின்பக்கம் அமுங்கினால் முன்சக்கரம் லேசாகும். ஸ்டியரிங் பிடிப்பு போவதும் லைட் மேலே தூக்குவதும் அதனால்தான்.

மணல்மேடு:
ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? பின்னச்சுக்கு ஏர்பேக் போட்டால் டிரக் நேராக நிற்கும், லைட்டும் சரியாகும். நான் லிட்டில் சஹாரா மணல்மேட்டுக்கு வருஷக்கணக்காக இப்படித்தான் போகிறேன். ஒன்றும் ஆனதில்லை.

வீல்பேஸ்:
ஏர்பேக் நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. ஆனால் அது டிரக்கைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். பின்னச்சு, பேரிங், டயர், ரிம், பிரேக் எதுவும் அதனால் பலம் கூடிவிடாது. ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் மாறாது. முன்சக்கரத்திலிருந்து போன எடையும் திரும்பி வராது. அதைத் திருப்புவது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சின் வேலை. காற்றடித்து டிரக் நேராகிவிட்டால் பார்ப்பதற்கு எல்லாம் சரியாகத் தெரியும். எனக்கு அதில் அதுதான் பிடிக்காத விஷயம்.

மணல்மேடு:
சரி, உங்கள் இஷ்டம். என் கேம்பர் சின்னது, 3,500 பவுண்டுதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிவப்புப் பாறை:
கணக்கு எல்லாம் சரி, ஆனால் ஊகம். ஒரு முறை எடை போட்டுவிடுங்கள். பெரிய டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற லாரி எடைமேடை இருக்கும். வழக்கமாகப் போகிற மாதிரியே ஆட்கள், தண்ணீர், பெட்ரோல், குவாட் எல்லாவற்றோடும் போங்கள். முன்சக்கரம் முதல் தட்டில், பின்சக்கரம் இரண்டாவதில், கேம்பரின் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்க வேண்டும். லாரிக்காரர்கள் பின்னால் ஹார்ன் அடிப்பார்களோ என்று பதற வேண்டாம், காலை நேரத்தில் கூட்டம் இருக்காது.

மூன்று எடை எடுங்கள். ஹிட்ச்சின் பார்களை மாட்டிய நிலையில் ஒன்று. பார்களைக் கழற்றி, கேம்பர் இணைந்தபடியே ஒன்று. கேம்பரைக் கழற்றிவிட்டு டிரக் மட்டும் ஒன்று. இரண்டாவதில் டிரக்கின் மொத்தத்திலிருந்து மூன்றாவதைக் கழித்தால் உண்மையான டங்க் வெயிட். ஒரே நாளில் மறுபடி போடும் எடைக்குக் கட்டணம் குறைவு.

தண்ணீர்த் தொட்டியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு கேலன் 8.34 பவுண்டு. 40 கேலன் தொட்டி நிறைந்தால் 330-க்கு மேல். பல கேம்பர்களில் அது அச்சுக்குப் பின்னால் இருக்கும்.

டீசல் அண்ணாச்சி:
தம்பி, கேம்பருக்குப் பின்னாலேயே இன்னொரு சின்ன டிரெயிலரை மாட்டி இழுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். யூட்டாவில் அது உண்டு. அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். நடுவில் இருப்பது பெட்டில் மாட்டும் ஃபிஃப்த் வீலாக இருந்தால்தான் அது பேச்சுக்கே வரும். உங்களுடையது டிரக்கின் பின்னால் ஹிட்ச் பந்தில் மாட்டுவது. வாஷிங்டன், ஓரிகன் பக்கம் போனால் மூன்று வண்டித் தொடரே கூடாது. ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள், முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கால் டன் டீசல் வாங்கு என்று சிலர் சொல்வார்கள். நான் வைத்திருப்பது அதுதான். டீசல் எஞ்சினே கனம். 10,000 பவுண்டு ஜி.வி.டபிள்யூ.ஆர். (வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு) உள்ள முக்கால் டன்னில் பேலோட் சில சமயம் 2,200-தான் தேறும். வாங்குவதற்கு முன்னால் அந்தக் கதவு ஸ்டிக்கரைப் பாருங்கள்.

சாண்டி வாசி:
அண்ணாச்சி, டிரக் மாற்றும் வசதி இப்போதைக்கு இல்லை. கேம்பரின் பின்பம்பரில் ஒரு ரேக் வைத்து ஒரு குவாடை ஏற்றலாமா? ஆன்லைனில் ரேக் விற்கிறார்கள்.

டீசல் அண்ணாச்சி:
ஐயோ, வேண்டாம். அந்தப் பம்பரின் இரண்டு முனையிலும் மூடியைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே கழிவுநீர்க் குழாய் சுருண்டு கிடக்கும். மெல்லிய தகட்டில் செய்த 4 அங்குலச் சதுரக் குழாய் அது. குழாய் வைக்கத்தான் லாயக்கு.

மலைக்காற்று:
பம்பர் தாங்கினாலும் அது தப்பு. அச்சுக்குப் பின்னால் ஏற்றும் எடை, கிணற்றுத் துலா மாதிரி முன்னால் நாக்கைத் தூக்கும். 600 பவுண்டைக் கேம்பரின் கடைசி முனையில் வைத்தால் டங்க் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். அதற்குப் பிறகு வாலாட்டம் அடங்காது.

நாங்கள் கொலராடோவில் டாய் ஹாலர் வைத்திருக்கிறோம். பின்னால் கராஜ், சாய்த்து இறக்கும் ராம்ப் கதவு, இரண்டு குவாடும் உள்ளே. வசதிதான், ஆனால் அதற்கென்று சில தொல்லைகள் உண்டு. கராஜ் காலியாக இருக்கும்போது முன்பக்கம் கனம், குவாட் ஏறினால் நாக்கு லேசாகும். அதனால் காலியாக எடை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, குவாடோடும் போட வேண்டும். இன்னொன்று பெட்ரோல் வாடை. இரவு அதே அறையில் கட்டிலை இறக்கிப் பிள்ளைகள் படுப்பார்கள். குவாடை வெளியே இறக்கி, கதவைத் திறந்துபோட்டு, வாடை முழுக்கப் போன பிறகுதான் உள்ளே விடுவோம். கேன் பெட்ரோலை உள்ளே வைப்பதே இல்லை.

உங்கள் டிரக்குக்கு டாய் ஹாலரும் தாங்காது என்றுதான் தோன்றுகிறது. கராஜ் காலியாக இருக்கும்போது அந்த முன்பக்கக் கனம் முழுக்க உங்கள் ஹிட்ச்மேல்தான் இறங்கும்.

சாண்டி வாசி:
எடை போட்டுவிட்டேன். ராஞ்சர் பெட்டில், எல்லோரும் வண்டியில், தண்ணீர் பாதித் தொட்டி. எடைச் சீட்டில் உள்ளபடி, பவுண்டில்:

பார் மாட்டி: முன்னச்சு 3,240, பின்னச்சு 4,200, கேம்பர் 5,760.
பார் கழற்றி: முன் 3,080, பின் 4,480, கேம்பர் 5,640.
டிரக் மட்டும்: முன் 3,340, பின் 3,460.

கதவில் ஜி.வி.டபிள்யூ.ஆர். 7,050, பின்னச்சு வரம்பு 4,050 என்று இருக்கிறது.

வீல்பேஸ்:
அருமை, இப்படிப் போட்டால்தான் பேச முடியும்.

டிரக் மட்டும் 6,800. கேம்பர் இணைந்து பார் இல்லாமல் 7,560. வித்தியாசம் 760, அதுதான் டங்க் வெயிட். கேம்பர் மொத்தம் 6,400, ஆக 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் குறை இல்லை. கேம்பருக்குள் சாமான் வைத்த விதம் சரிதான்.

பார் மாட்டிய நிலையில் டிரக்கின் எடை 7,440. வரம்புக்கு மேல் 390. பின்னச்சு 150 அதிகம். முன்னச்சு, கேம்பர் இல்லாதபோது இருந்ததைவிட 100 குறைவு. பார்களின் சங்கிலியை இன்னும் ஒரு கண்ணி இறுக்கினால் அந்த 100 ஓரளவு திரும்பும், ஆனால் மொத்த எடை பெரிதாகக் குறையாது. கேம்பர் அச்சுக்கு ஒரு பங்கு போகும், அவ்வளவே.

இப்போது ராஞ்சரை மட்டும் இறக்கிவிட்டுப் பாருங்கள். 7,440-ல் 600 போனால் 6,840. வரம்புக்குள் வந்துவிட்டீர்கள், 210 கையிருப்பு. பின்னச்சு 3,600 பக்கம் நிற்கும். டெயில்கேட்டும் மூடிவிடும், ஜாக் உரசல் தானாகப் போகும். உங்கள் டிரக் இந்தக் கேம்பருக்குப் பொருத்தமான டிரக். குவாடுக்கு அதில் இடமில்லை, ஒன்றுக்கும் சரி, இரண்டுக்கும் சரி.

சிவப்புப் பாறை:
வாலாட்டத்துக்கு இன்னும் இரண்டு காரணம் பார்க்கணும். டிரக்கின் பின் டயர் சாதாரண பேசஞ்சர் டயரா, எல்.டி. (லைட் டிரக்) டயரா? பக்கச்சுவர் மெத்தென்று இருந்தால் கேம்பர் தள்ளும்போது அதுவும் சேர்ந்து நெளியும். அப்புறம் வேகம். ஐ-15-ல் 80 மைல் என்று போட்டிருப்பது உங்களுக்கு இல்லை. கேம்பரின் எஸ்.டி. டயர்கள் (டிரெயிலருக்கென்றே செய்தவை) பல 65 மைலுக்கு என்று செய்தவை, பக்கவாட்டில் வேக எழுத்து இருந்தால் பாருங்கள்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் டிரக் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரக்கில் உள்ள டிரெயிலர் பிரேக் கன்ட்ரோலரில் கையால் இயக்கும் நெம்புகோலை மெதுவாக அழுத்துங்கள். கேம்பரின் பிரேக் மட்டும் பிடித்து, கேம்பர் பின்னால் இழுபட்டு நேராகும்.

சாண்டி வாசி:
டயர் பேசஞ்சர்தான். மாற்றும்போது எல்.டி. போடுகிறேன். சரி, குவாட் இரண்டையும் டிரக்கில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மனைவியிடம் டொயோட்டா ஹைலேண்டர் இருக்கிறது, 5,000 பவுண்டு இழுக்கும் வகை. அவரே ஓட்டுகிறேன் என்கிறார், "நீ வாலாட்டிக்கொண்டு வா, நான் முன்னால் போகிறேன்" என்று கிண்டல் வேறு. சின்ன டிரெயிலர் என்ன அளவு எடுக்கலாம்?

மலைக்காற்று:
நல்ல முடிவு. இரண்டு குவாடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்காது. ஒவ்வொன்றும் 4 அடி அகலம் பக்கம், சாதாரண டிரெயிலரோ 6, 6.5 அடிதான். முன்னும் பின்னுமாகத்தான் நிறுத்தணும். ஒவ்வொன்றும் 7 அடி நீளம், எனவே 14 அடி வேண்டும். 12 அடியில் முன்ரேக்கும் பின்ரேக்கும் முட்டும். ஒற்றை அச்சுள்ள டிரெயிலரே 1,000 பவுண்டு பக்கம் வரும், குவாட் இரண்டும் 1,300. மொத்தம் 2,300. மொத்த எடை வரம்பு 2,990 பவுண்டு உள்ள வகை போதும். ஹைலேண்டருக்கு இது சிரமமே இல்லை. ஆனால் அதிலும் டங்க் வெயிட் பத்து சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கனமான கிரிஸ்லியை முன்னால் ஏற்றுங்கள்.

கட்டும்போது ஒரு குவாடுக்கு நான்கு ராட்செட் ஸ்டிராப், நான்கு மூலைக்கும். ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள், ஃபிரேமில் மாட்டுங்கள். இருபது மைல் ஓடியதும் நிறுத்தி ஒருமுறை இறுக்குங்கள், சஸ்பென்ஷன் உட்கார்ந்து ஸ்டிராப் தளர்ந்திருக்கும்.

டீசல் அண்ணாச்சி:
தம்பி, வாங்குவதற்கு முன் ஹைலேண்டரின் பின்னால் குனிந்து பாருங்கள். ரிசீவர் (ஹிட்ச்சைச் செருகும் சதுரக் குழாய்) இருக்கிறதா, டிரெயிலர் லைட்டுக்கான வயரிங் சாக்கெட் இருக்கிறதா? 5,000 என்று மேனுவலில் இருந்தாலும் ஹிட்ச்சும் வயரும் போடாமல் வெறுமனே வந்த வண்டிகள் ஏராளம். பிரேக் இல்லாத சின்ன டிரெயிலருக்கு நாலு பின் சாக்கெட் போதும்.

சாண்டி வாசி:
குனிந்து பார்த்தேன் அண்ணாச்சி. ரிசீவர் இருக்கிறது, வயரிங் இல்லை. சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு, அப்படியே டிரெயிலர் பார்க்கப் போகிறோம்.