கறிவேப்பிலையில் முட்டையிட்டது ரோஜா அழகியா?

மொட்டைமாடி: தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலையில் ஒரு கருப்புப் பட்டாம்பூச்சி முட்டையிட்டது. பின்னிறகில் வெள்ளைத் திட்டு, ஓரமெல்லாம் சிவப்புப் பொட்டு. ரோஜா அழகிதானே?

இறகன்: உடம்பைப் பார்த்தீர்களா? ரோஜா அழகிக்கு உடம்பே சிவந்திருக்கும், கருப்பு என்றால் அது கறிவேப்பிலை அழகி என்ற இனத்தின் பெண் பட்டாம்பூச்சி. அப்புறம் ரோஜா அழகி முட்டையிடுவது ஆடுதீண்டாப்பாளை வகையறாவில்தான், அந்தச் செடியின் நஞ்சு புழுவிலிருந்து பட்டாம்பூச்சிக்கும் வந்துவிடுவதால் பறவைகள் அதைத் தவிர்க்கும். உங்கள் வீட்டுக்கு வந்தது நஞ்சே இல்லாமல் ரோஜா அழகியின் வேஷத்தில் பிழைக்கிறது.

மொட்டைமாடி: உடம்பு கருப்புதான். எல்லாப் பெண்ணும் இப்படியா?

குருவிக்கூடு: இல்லை, ஆணைப் போலவே இருக்கும் பெண்களும் உண்டு. எந்த வேஷம் என்பதை டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு தீர்மானிக்கிறது, 2014இல் கண்டுபிடித்தார்கள். இலையில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது தெரிந்தால் துடைத்துவிடாதீர்கள், அதுதான் குட்டிப் புழு.