லிதுவேனிய ஆய்விதழ் ஒன்றை ஆய்வேட்டில் சான்றாகக் காட்டலாமா?

வில்லியனூர் மாணவி:
புதுச்சேரியில் முதுகலை வரலாறு இறுதியாண்டு பயில்கிறேன். பிரிட்டிஷ் அரசின் பிடிக்குள் அகப்படாமல் 1908 முதல் 1910 வரை பாரதியாரின் ‘இந்தியா’ இதழ் இங்கிருந்து வெளிவந்ததையும், ரஷ்யப் பேரரசில் 1864 முதல் 1904 வரை லிதுவேனிய மொழியை இலத்தீன் எழுத்தில் அச்சிடத் தடை இருந்தபோது லிதுவேனிய நூல்கள் ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த அண்டைப் பகுதியான கிழக்குப் பிரஷ்யாவில் அச்சாகி எல்லை கடந்து கடத்தப்பட்டதையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுத எண்ணியுள்ளேன். எனக்கு லிதுவேனிய மொழி தெரியாது. ‘லிதுவானுஸ்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழின் பழைய கட்டுரைகள் பல இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை நம்பிச் சான்றாகக் காட்டலாமா?

சிதம்பரம் வாசகர்:
காட்டலாம், ஆனால் எதற்குச் சான்று என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தாய்நாடு சோவியத் ஆட்சியின்கீழ் இருந்த காலத்தில், 1954இல், அமெரிக்காவில் வாழ்ந்த லிதுவேனிய மாணவர்கள் தொடங்கிய இதழ் அது. தங்கள் நாட்டின் நிலையை ஆங்கிலம் அறிந்த உலகுக்கு எடுத்துச்சொல்லும் நோக்கம் அதற்கு இருந்தது. எனவே பழைய இதழ்களில் அச்சுத் தடையைப் பற்றி எழுதியவர்களின் மனத்தில் சோவியத் தணிக்கையும் இருந்திருக்கும் என்பதை மறவாமல் படிப்பது நல்லது. புலம்பெயர்ந்தோர் தம் வரலாற்றை எப்படி எழுதினார்கள் என்பதற்கு அதுவே முதன்மைச் சான்று. தடையின் வரலாற்றுக்கோ இரண்டாம் நிலைச் சான்றுதான். 1970இல் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் பால்டிக் ஸ்டடீஸ்’ இதழோடும் ஒத்துப்பாருங்கள். அதற்குச் சந்தா தேவை. பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். லிதுவேனியத் தலைநகர் வில்னியூஸில் 1965 முதல் வெளிவரும் ‘பால்டிஸ்டிகா’ மொழியியல் இதழ் என்பதால் உங்களுக்கு அதிகம் பயன்படாது.

முத்தியால்பேட்டை வாசகர்:
இதழைக் காட்டிலும் ஒப்பீடுதான் எனக்கு உறுத்துகிறது. ‘இந்தியா’ பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையக் கூடாதென்று தடுக்கப்பட்டதற்குக் காரணம் அதன் அரசியல். தமிழ் எழுத்தின்மீது அரசுக்கு எந்தப் பகையும் இல்லை. ரஷ்யப் பேரரசிலோ இலத்தீன் எழுத்தில் அச்சான லிதுவேனியப் பிரார்த்தனைப் புத்தகம்கூடக் குற்றப்பொருள். அதே மொழியை ரஷ்ய எழுத்தில் அச்சிட்டுப் பரப்ப அரசே முன்வந்தது, மக்கள்தாம் அதை ஏற்கவில்லை. லிதுவேனியக் கத்தோலிக்க ஆயர் மோத்தியேயுஸ் வலான்சியுஸ் கடத்தலுக்குத் துணைநின்றதையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

வில்லியனூர் மாணவி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் ஒப்பீட்டையே கைவிட வேண்டுமா, ஐயா?

முத்தியால்பேட்டை வாசகர்:
வேண்டியதில்லை, சுருக்கிக்கொண்டால் போதும். பிரார்த்தனைப் புத்தகங்களை விட்டுவிட்டு, 1883இல் தொடங்கி 1886 வரை கிழக்குப் பிரஷ்யாவில் அச்சான ‘அவுஷ்ரா’ மாத இதழை மட்டும் ‘இந்தியா’வோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் தேசிய உணர்வை வளர்த்த இதழ்கள். இரண்டும் அயல் ஆட்சியின் நிலத்தில் அச்சாகி, யாருக்காக எழுதப்பட்டனவோ அவர்களை எல்லை தாண்டித்தான் அடைய வேண்டியிருந்தது. ‘லிதுவானுஸ்’ தளத்தில் தேடும்போது யோனாஸ் பசனாவிச்சியுஸ் என்னும் பெயரிலிருந்து தொடங்குங்கள். ‘அவுஷ்ரா’வைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் அவரே.